அண்ணி தலையாட்டிய கேள்வி

எங்கள் அண்ணி இருக்கும் இடத்தில் இன்னொருவர் வாய் திறக்க முடியாது. காய்கறிக்காரரிடம் விலை கேட்க ஆரம்பித்தால், அவர் மச்சினன் கல்யாணம் நின்றுபோன கதைவரை கேட்டுவிட்டுத்தான் வருவாள். அண்ணன் இறந்தபின், மகளின் படிப்புக்காக, வெளிநாட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கிளம்பினாள். "வாயை இங்கயே விட்டுட்டா போறீங்க அண்ணி?" என்று கிண்டல் செய்தேன். கடைசியில் அப்படித்தான் ஆயிற்று.

மகளுக்கு அம்மா போனதில் அப்படியொரு கோபம். "படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம், போகாதே" என்று அழுது பார்த்தாள். அண்ணி விமானம் ஏறிய நாளிலிருந்து அம்மா கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை.

வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் அம்மா ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். "என்ன சொன்னாலும் சிரிச்சுத் தலையாட்டு. திருதிருன்னு முழிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க. மேலயும் கீழயும் ஆட்டணும். நம்ம மாதிரி பக்கவாட்டுல ஆட்டினா அங்க இல்லைன்னு அர்த்தம்." அண்ணி கண்ணாடி முன் நின்று பழகிக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அண்ணி வேலைக்குப் போன வீட்டில் பெரியவர் மட்டும்தான். இடுப்பெலும்பு முறிந்து, வாக்கரைப் பிடித்து நடப்பவர். வெளியூரில் இருக்கும் அவர் மகள் வார விடுமுறையில் வந்து, போனில் மொழிபெயர்த்துக் காட்டி, மாத்திரை விவரங்களைச் சொல்லிவிட்டுப் போவாள். மற்ற நாளெல்லாம் அவர் அவருடைய மொழியில் பேசுவார், அண்ணி தமிழில் பேசுவாள். "காலைத் தூக்குங்கப்பா, அப்படித்தான்" என்று சொல்லிச் சாக்ஸ் மாட்டுவாள். அவரும் தூக்குவார்.

மதியத் தூக்கம் கலைந்ததும் பெரியவர் தினமும் ஒன்று கேட்பார். எப்போதும் அதே சொற்கள். அண்ணி சிரித்துத் தலையாட்டுவாள். உடனே அவர் முகம் மலர்ந்துவிடும். அலமாரியைக் காட்டி, காலர் வைத்த நீலச் சட்டையை எடுக்கச் சொல்வார். தலைவாரிக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவையே பார்ப்பார். வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தாள் அண்ணி. தெருவிளக்கு எரிந்தபின் சட்டையைக் கழற்றி மடித்துவிட்டு, சாப்பாட்டைத் தொடாமல் படுத்துக்கொள்வார். தன் சமையல்தான் பிடிக்கவில்லை, வேலை போகப்போகிறது என்று அண்ணி பயப்படுவாள்.

ஒருநாள் பெரியவரின் மகள் சொல்லாமல் மதியமே வந்துவிட்டாள். பெரியவர் வழக்கம்போல் கேட்க, அண்ணி தலையாட்ட, வாசலில் நின்ற மகள் அதைப் பார்த்துவிட்டாள். அண்ணியைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்ப் போனை நீட்டினாள். அதில் தமிழ் வந்தது: "'என் மகன் இன்று வருவானா' என்று அப்பா கேட்டார். நீங்கள் ஆம் என்றீர்கள். என் அண்ணன் சண்டை போட்டுப் போனவன். அவன் வரமாட்டான்."

அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு மனிதனைத் தினமும் அலங்கரித்து ஏமாற்றியிருக்கிறாள். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது. ஆனால் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் 'இல்லை' என்று தலையசைத்துவிடும்படி மட்டும் காட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் பெரியவர் கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் அண்ணி நினைத்தாள். கழுத்து அசையவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி மெதுவாக, "தெரியலப்பா. எனக்குத் தெரியாது" என்றாள்.

பெரியவர் நீலச் சட்டையைக் கேட்கவில்லை. வாக்கரைப் பிடித்து எழுந்து, ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அண்ணி உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அவள் பகலில் உட்கார்ந்ததே அன்றுதான். தெருவைப் பார்த்துக்கொண்டே, இத்தனை நாள் அடக்கிவைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"என் பொண்ணு என்கூடப் பேச மாட்டேங்கிறாப்பா. என்னைக்காவது பேசுவாளா?"

அவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. அவள் கையைத் தட்டிக்கொடுத்து, சிரித்து, மேலும் கீழும் தலையாட்டினார்.

போனில் இதை என்னிடம் சொல்லும்போது அண்ணி அழுதாள். "அவருக்கு ஒண்ணும் புரியலன்னு எனக்குத் தெரியும்டி. ஆனாலும் நான் நம்பிட்டேன்."