மடியில் வைத்த குப்பி

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பூண்டு விவசாயி. முடக்குவாதத்தில் விரல்களெல்லாம் கோணிக் கிடந்தன. செக்போஸ்ட் நெருங்கியதும் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியையும் டாக்டர் சீட்டையும் எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி மடிமேல் வைத்துக்கொண்டார்.

கஞ்சா தேடி பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"கஞ்சா எண்ணெய்ங்க. கை வலிக்கு ஆயுர்வேத டாக்டர் எழுதிக் குடுத்தது."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். சீட்டைப் படித்த போலீஸ்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"சரியாத்தான் இருக்கு. உள்ள வைங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். சுகர் மாத்திரைய யாராச்சும் ஒளிச்சுத் திங்கிறாங்களா? இதனால வலி ஒண்ணும் ஓடிப் போயிறல. ஆனா ராத்திரி தூங்குறேன், வெள்ளனே எந்திரிச்சுப் பூண்டுக் காட்டுக்குப் போறேன். நான் எதுக்கு ஒளிக்கணும்?"

போலீஸ்காரர் இறங்கத் திரும்பினார்.

"இருங்க. இந்த மூடி என் வெரலுக்கு அடங்க மாட்டேங்குது. வெரசா தெறந்து குடுத்துட்டுப் போங்க."

போலீஸ்காரர் திறந்துகொடுத்தார். நாக்கடியில் சொட்டு விட்டுக்கொண்டு, மூடித் தரச்சொல்லிக் குப்பியை மறுபடியும் அவரிடமே நீட்டினார் அந்த அம்மா.

வீட்டில் அந்த மூடியை அவர் எப்படித் திறக்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.