திரையைத் திருப்பிக் காட்டினேன்

செஞ்சி பேருந்து நிலையத்தருகே ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். திரையைத் திருப்பிக் காட்டி, வந்தவர் சரி என்று சொன்ன பிறகே அனுப்புவது என் கொள்கை. தப்பு நேர்ந்தாலும் பழி என்மேல் வராது.

அனந்தபுரத்து அக்கா ஒருவர், காய்ச்சலில் கிடந்த மகளுக்காக நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க வந்தார். திரையைப் பார்த்துத் தலையாட்டினார். அனுப்பிவிட்டேன். சாதிப் பிரிவை நான் மாற்றிப் போட்டிருந்ததால் மகளுக்குச் சீட் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தவரிடம், "நீங்கதானக்கா பாத்துட்டு சரின்னீங்க?" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. நாலு பேர் எதிர்ல சொல்ல வெக்கமா இருந்துச்சி."

படிக்கத் தெரியுமா என்று நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

இப்போது ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுகிறேன். கேட்டவர் சரி என்ற பிறகும் பொத்தானை அழுத்தக் கை தயங்குகிறது.