அக்கா எடுக்காத அப்பம்

அப்பத் துண்டுகள் வைத்த எவர்சில்வர் தட்டு எங்கள் வரிசைக்கு வரும்போது அக்கா அதன் விளிம்பை மட்டும் பிடித்து, ஒரு துண்டும் எடுக்காமல் என் பக்கம் தள்ளிவிடுவாள். பின்னால் வரும் திராட்சைச் சாற்றுக்கும் அதே கதிதான். எங்கள் ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் இயேசுவின் நினைவாக அப்பமும் சாறும் பகிரும் திருவிருந்து. முதல் ஞாயிறுதோறும் எனக்கு வயிற்றெரிச்சல்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அக்காவின் கணவர் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டினார். மாதம் பிறந்தால் சம்பளம். எங்கள் காரைக்காலில் பிராந்திக் கடைக்கா பஞ்சம்? சனிக்கிழமை இரவு கரித்தூள் படிந்த சட்டையோடு தள்ளாடிக்கொண்டு வருவார். அக்கா தெருவே கேட்கும்படி கத்துவாள். மறுநாள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஆலயத்தில் குற்றவாளிபோல உட்கார்ந்திருப்பாள். "நேத்து அவர என்னென்ன சொன்னேன் தெரியுமாடி? அந்த வாயில இத எப்படி வைக்கிறது?" என்பாள். மாமாவோ கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவார், பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்!

பொறுக்க முடியாமல் ஒருநாள் பாஸ்டரிடமே கேட்டேன். "திருவிருந்த மூணாவது வாரத்துல வச்சா என்னங்க பாஸ்டர்? அதுக்குள்ள சம்பளமும் தீந்துடும், சண்டையும் ஓஞ்சிடும்." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

பரிசுத்தம் என்பது கடவுள் நம்மைத் தமக்கென்று எடுத்துக்கொள்வதில் தொடங்குகிறது, பிறகுதான் ஆயுள் முழுக்க நம்மைத் துலக்குகிறார் என்றுதான் எங்கள் இருவருக்கும் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டு அப்புறம் அவரிடம் போக நினைத்தாள். குளித்துவிட்டு வந்தால்தான் குளத்தில் இறங்கலாம் என்றால் அழுக்கு எப்போதுதான் போகும்? இதை நான் சொன்னால், "ஒனக்கென்னடி, ஒன் வூட்டுக்காரர் குடிக்காத மனுஷன்" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

போன வருஷம் வயிற்றில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். பிழைக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஒரு தடவையாவது எடுத்துடணும்டி" என்று அவளே வாய்விட்டுக் கேட்டதால் பாஸ்டரை அழைத்து வந்தேன். அவர் சின்ன டப்பாவைத் திறந்து அப்பத்தை நீட்டினார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "காலையில அந்த நர்ஸுப் பொண்ணுகிட்ட எரிஞ்சு விழுந்துட்டேங்க பாஸ்டர்" என்றாள்.

அதனால் என்ன, வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "சரிம்மா, மனசு ஆயத்தமானதும் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லி டப்பாவை மூடிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அந்த வாரமே அக்கா போய்விட்டாள்.

கல்லறையில் அவர்தான் பேசினார். "நம்ம சகோதரி ஒரு பரிசுத்தவாட்டி" என்றார். மாமா தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, இன்றும் அடங்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கட்டிலருகே நின்று அவள் காதில் சொல்லியிருந்தால் அக்கா வாயைத் திறந்திருப்பாள்.