அப்பாவின் கால் மருந்து

தொண்ணூறுகளில், அப்பாவின் கால் அரிப்புக்குத்தான் அந்த மருந்து முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் வெந்த கால். மெர்லிமாவ் கிளினிக் டாக்டர் ஒரு சின்ன களிம்பு டியூபைக் கொடுத்து, காலுக்கு மட்டும், ஒரு வாரம் மட்டும் என்றார். நாங்கள் குடியிருந்த எஸ்டேட் தோட்டத்தில் மருந்தும் மீன் குழம்பு மாதிரிதான். நன்றாக இருந்தால் நாலு பேருக்குப் போகும். அப்பாவின் கால் ஆறியதும் மிச்சம் அக்காவின் முகப்பருவுக்குப் போனது.

பரு மறைந்தது, முகமும் வெளுத்தது. அம்மா உடனே அக்காவை ஸ்டூடியோவுக்கு இழுத்துப்போய்ப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் புலாவ் செபாங்கிலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். டியூப் தீர்ந்தபின் பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கடையில் பெயரில்லாத டப்பா ஒன்று வாங்கினோம். அது இன்னும் வேகமாக வெளுக்க வைத்தது.

நிச்சயம் முடிந்தபின் முகத்தில் அது தன் வேலையைக் காட்டியது. கன்னத்தில் சிவப்பு நரம்பு, உதட்டுக்கு மேல் பூனை மயிர், வெயில் பட்டால் எரிச்சல். ஒரு நாள் தடவாவிட்டால் தக்காளிதான். ஆகவே அது நல்ல மருந்து என்று அம்மா முடிவு கட்டினார். மலாக்கா டவுனில் பார்த்த தோல் டாக்டரோ, கெடுத்ததே அதுதான் என்றார். நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும், தெளிய மாதக்கணக்காகும் என்றார். கல்யாணம் அடுத்த மாதம்.

"தாலி ஏறுற வரைக்கும் போட்டுக்கம்மா. அப்புறம் நிறுத்திக்கலாம் லா," என்றார் அம்மா.

"அப்புறம் அவங்க வீட்டுல போயி மூஞ்சி உரியணுமா?" என்று கேட்ட அக்கா, டப்பாவைக் குப்பையில் போட்டாள். எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

கூறைச் சேலை எடுக்க அக்காவை அழைத்துப் போக மாப்பிள்ளையின் அம்மா வந்தார். பவுடரோடு ஓடிவந்த எங்கள் அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, உரிந்த முகத்தோடு அக்கா அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னம்மா ஆச்சு மூஞ்சிக்கு?"

அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் பெருமூச்சு விட்டார்.

"உன் போட்டோவ பாத்துட்டு, பொண்ணு இவ்ளோ வெள்ளையா இருக்காளேன்னு எம்மவனும் ஒரு டப்பா வாங்கித் தடவிக்கிட்டு இருக்கான். அந்த டாக்டர் எங்க இருக்காருன்னு சொல்லு, மொதல்ல அங்க போவோம். சேல அப்புறம்."

கல்யாணப் படத்தில் இருவர் முகமும் சிவந்து உரிந்திருக்கிறது. பார்க்கிற உறவுக்காரர்கள் இன்றும், "ரெண்டு பேருக்கும் எவ்ளோ வெக்கம் பாரு," என்கிறார்கள்.