மூன்று நிமிடத்துக்கு நூற்றைந்து சுற்று

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு நாகராஜ் போன் செய்தார். நான் இருபத்தாறு ஆண்டுகள் ரிக்கார்டு பொறுப்பாளராக இருந்த இசை நூலகத்தில், இப்போது என் நாற்காலியில் இருப்பவர் அவர். பழைய எல்.பி. ரிக்கார்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். கன்னடம் கலந்த தமிழ் அவருடையது.

"சார், ஸ்வல்ப வந்துட்டுப் போங்க. அந்த ரஷ்யன் பியானோ கன்சர்ட்டோ இருக்குல்ல, அதோட முதல் பக்கம் பதினாறு நிமிஷம் பதினொரு செகண்டுன்னு உங்க ரிஜிஸ்டர் சொல்லுது. இங்க பதினேழு வருது."

"உங்க மிஷின் மெதுவா ஓடுது. சர்வீஸுக்கு அனுப்புங்க."

"மிஷின் புதுசு சார். நேத்துதான் பெட்டியைப் பிரிச்சேன்."

"புதுசுன்னா? என் ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லுமா?"

ஒக்கலிபுரத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். அவரிடம் சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே ஏழு குறிப்புகளாக எழுதிக்கொண்டேன். ஒன்றைக்கூடச் சொல்ல வாய்க்கவில்லை.

1. எண்ணியது

எல்.பி. ரிக்கார்டு மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று சுற்ற வேண்டும். லேபிளின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அது நம்மைக் கடக்கும்போதெல்லாம் எண்ணினால் போதும். நாகராஜின் புது டர்ன்டேபிளில் எண்ணினேன். நூறு.

"பார்த்தீங்களா சார்?"

"பழையது எங்கே?"

ஸ்டோர் ரூமிலிருந்து தூக்கி வந்தோம். போன வருடம் வரை கேட்பறையில் ஓடியது அதுதான். ரிஜிஸ்டருக்கு நான் நேரம் குறித்ததும் அதில்தான். எண்ணினேன். நூற்றைந்து. நாகராஜை எண்ணச் சொன்னேன். நூற்றைந்து. நான்கு முறை எண்ணியும் மாறவில்லை. ஸ்டைலஸ் ஊசியை ரிக்கார்டின் மேல் தவறவிட்டேன். என் வேலைக்காலத்தில் அப்படி நடந்ததே இல்லை.

"தண்ணி குடிங்க சார். அஞ்சு சுத்துதானே" என்றார் நாகராஜ்.

2. புல்லி

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த மிஷினின் மோட்டார் புல்லி இரண்டாக உடைந்தது. பெல்ட்டை இழுத்துத் தட்டைச் சுழற்றும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சக்கரம் அது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். நான் உடைந்த துண்டுகளைப் பசை வைத்து ஒட்டி, வெர்னியர் அளவுகோலில் அளந்து, பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். லேத்காரர் செல்வம் வேலூர்ப் பக்கத்துக்காரர். ஒட்டிய புல்லியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது ஒட்டுன மாலு. அளவு நிக்காது. கம்பெனி டிராயிங் எதுனா கீதா?"

"மூணு தடவை அளந்திருக்கேன்யா. பத்தரை மில்லிமீட்டர். பித்தளையில போடு."

"நீங்க சொன்னா போட்டுடறேன். அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

உண்மையான அளவு பத்து; புல்லி அரை மில்லிமீட்டர் பெருத்ததால் தட்டும் வேகமாகச் சுற்றியது. பிளவுக்குள் உறைந்துபோன பசையையும் சேர்த்து அளந்திருக்கிறேன். மூன்று முறையும் அதே பசையைத்தான் அளந்தேன்.

புது புல்லியை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கேட்போர் குழுவின் பதினெட்டு உறுப்பினர்கள் அந்தக் கன்சர்ட்டோவைக் கேட்டுக் கைதட்டினார்கள். "மிஷினுக்கு உயிர் வந்திருக்கு சார்!" என்றார் வங்கி அதிகாரி பார்த்தசாரதி. நான் பூரித்துப் போனேன். சுற்றை எண்ணவில்லை. அந்த ரிக்கார்டின் உறையில் நேரமும் அச்சாகியிருக்கவில்லை. பின்னாளில் சி.டி.க்கள் வந்து, வேறு கலைஞர்கள் அதையே வாசித்துக் கேட்டபோது, "இவன் தூங்கறான்யா" என்று சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

3. கிரேஸ் டீச்சர்

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். புல்லி மாட்டிய அந்த வருடத்தில் அந்த ரிக்கார்டைப் பதினொரு முறை தனியாகக் கேட்டவர் ஒருவர்: பியானோ டீச்சர் கிரேஸ். கண்டோன்மென்ட்டில் இருக்கும் தன் சர்ச்சின் ஹாலில், ஆர்கெஸ்ட்ராவோடு அதே கன்சர்ட்டோவை வாசிப்பதாக இருந்தார். நோட்டீஸ்கூட அடித்துவிட்டார்கள். பதினோராவது முறை கேட்டு முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி என் மேசையில் வைத்தார். "இந்த ஸ்பீடு என்னால ஆகாது சார்" என்றார். நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொண்டார். அதற்குப்பின் எந்த மேடையிலும் அவர் வாசிக்கவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். அவருக்கு இப்போது வயது எழுபத்திரண்டு. சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. வெள்ளிக்கிழமை அவரை நூலகத்துக்கு வரச் சொன்னேன்.

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? யாருக்கு என்ன ஆச்சு?" என்றபடியே வந்தார்.

சொன்னேன். புல்லி, பசை, நூற்றைந்து, எல்லாம்.

"அப்ப பிட்ச்சும் ஏறியிருக்குமே?"

"ஏறியிருக்கு டீச்சர். அரைக் கட்டைக்குக் கொஞ்சம் கம்மி."

"என் வீட்டு பியானோதான் இறங்கிப்போச்சுன்னு நினைச்சேன். டியூனரைக் கூப்பிட்டு ஏத்தச் சொன்னேன். ரெண்டு கம்பி அறுந்துபோச்சு." அவர் குரல் உயர்ந்தது. "வாசப்படியைக்கூட எண்ணுவீங்களே சார்! இதை எண்ணலையா?"

ரிக்கார்டைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். "போடுங்க" என்றார்.

புது மிஷினில் போட்டேன். வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்று, பியானோ மட்டும் இரண்டு கைகளிலும் மேலிருந்து கீழே இறங்கிவரும் இடம் ஒன்று உண்டு. அதைப் புயல் என்றே சொல்லி வந்தோம். இப்போது அது புயலாக இல்லை. ஒவ்வொரு அடிக்கும் இடையில் துளி மூச்சு இருந்தது. இடக்கை முந்திக்கொண்டு கேட்க, வலக்கை பதில் சொல்லிக்கொண்டு வந்தது. டீச்சரின் விரல்கள் என் மேசைமேல் ஓடின. ரிக்கார்டோடு இறங்கின, ரிக்கார்டோடு நின்றன.

"இது என் கையில இருந்துச்சு சார்" என்றார். அழவில்லை. "நான் பயந்து ஓடிட்டேன்னுதான் நம்ம மெம்பர்ஸ் இன்னிக்கும் நினைச்சிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. என் பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

4. ஞாயிறு

பதினான்கு பேர் வந்திருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். பிறகு சரியான வேகத்தில் முதல் பக்கம் முழுவதையும் போட்டேன். முடிந்ததும் பார்த்தசாரதி தொண்டையைச் செருமினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். பழைய மிஷின்லயே போடுங்களேன். இது கொஞ்சம் டல்லு."

மூன்று பேர் தலையாட்டினார்கள். கிரேஸ் டீச்சர் எழுந்தார்.

"அந்த மனுஷன் அவ்வளவு வேகமா வாசிக்கவே இல்ல, பார்த்தசாரதி சார். இத்தனை வருஷமா நீங்க கைதட்டினது புல்லிக்கு."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது; கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: நீங்கள் பழுது பார்த்த மிஷின் முன்னைவிட நன்றாகப் பாடுகிறது என்று யாராவது சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன் அளந்து பாருங்கள். நான் அளக்காததால் ஒருவர் மேடை ஏறாமலே போய்விட்டார்.