கெட்டி மேளமும் விளம்பரத் தடுப்பானும்

கம்ப்யூட்டர் ரிப்பேர்த் தொழிலில் ஒரு விதி உண்டு: ஒருமுறை தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது கெட்டாலும் நாம்தான் கெடுத்தோம். கீபோர்டைத் துடைத்துக் கொடுத்த ஒரு வீட்டில் ஆறு மாதம் கழித்து ஃபிரிட்ஜ் நின்றுபோனது. அதற்கும் எனக்குத்தான் ஃபோன் வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களும், குடும்பத்தில் "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு" என்று பெயர் வாங்கிய பாவிகளும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள்.

ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே என் கடை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் பையை என்னிடம் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து பையை எடுக்கும்போது ஒரு சந்தேகமும் கேட்பார்கள். சில காலமாக எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். பாட்டுக் கேட்டாலும் சீரியல் பார்த்தாலும் நடுவில் வந்து நிற்கிற விளம்பரத்தை எப்படி ஒழிப்பது?

புதிதாகக் கட்டிய பிளாக்

ஆளாளுக்கு விளக்கம் சொல்லி வாய் வலித்ததால், கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டினேன். விளம்பரம் தடுக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'ஆட் பிளாக்' என்பார்கள் அல்லவா, அதை AD BLOCK என்று பெரிய ஆங்கில எழுத்தில் எழுதி, கீழே தமிழில் 'உள்ளே விசாரிக்கவும்' என்று போட்டேன். அழகாகத்தான் இருந்தது.

முதலில் விசாரிக்க வந்தவர் முத்துசாமி அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்கள் அடுக்குமாடியில் சி பிளாக்கில் இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையை இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு உள்ளே வந்து, பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏ பிளாக், பி பிளாக், சி பிளாக் எல்லாம் தெரியும். இந்த ஏ-டி பிளாக் எப்பம்மா கட்னாங்க? லிஃப்ட் பக்கமா ஒரு வீடு என் மவனுக்குச் சொல்லி வைங்கலா!"

பரிசத்தன்று வந்த பெட்டி

அட்டையைச் சரியாகப் புரிந்துகொண்டு வந்த முதல் ஆள் லெட்சுமி அக்கா. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவர். நானூறு பிள்ளைகள் வரிசையில் நின்று கத்தினாலும் அசராதவர், அன்று என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் கவிதாவுக்கு முந்தின ஞாயிறு பரிசம் போட்டிருக்கிறார்கள். வீட்டோடு சின்ன விசேஷம், எனவே நாதஸ்வரத்துக்குத் தொலைக்காட்சியில் வீடியோவை ஓடவிட்டார்கள். இரண்டு வீட்டாரும் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்து மாற்றப்போகிற நேரம் பார்த்து நாதஸ்வரம் நின்று ஒரு விளம்பரம் வந்தது. பின்னணியில் பியானோ, பச்சைப் புல்வெளி, நடுவே பளபளவென்று ஒரு சவப்பெட்டி. ஈமச்சடங்குக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும் திட்டமாம்.

அக்கா பயந்தது சவப்பெட்டிக்கு இல்லை, மாப்பிள்ளையின் அத்தை ராஜம்மாளுக்கு. புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை சூப்பர்வைசர், மாப்பிள்ளையைத் தாய்க்குத் தாயாக வளர்த்தவர். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். சகுனத்தைக் காட்டி இந்தச் சம்பந்தத்தையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அக்காவுக்குக் குலை நடுங்கிப்போனது. நல்லவேளை, அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாராம்: "நான் ஒன்னும் சொல்லல. ஆனா அந்தப் பெட்டிக்குப் பத்து பெர்சண்ட் தள்ளுபடின்னான், கேட்டுச்சா?"

பாலும் பூனையும்

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. கோயில் மேளக்காரர்கள் அதே முகூர்த்தத்தில் வேறொரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டதால், மண்டபத்திலும் வீடியோ மேளம்தான். "கெட்டி மேள நேரத்துல விளம்பரம் வந்துச்சுன்னா நான் அங்கேயே விழுந்துருவேன் பரிமளா" என்று சொல்லிவிட்டு, கவிதாவின் லேப்டாப்பை என் மேசையில் வைத்தார் அக்கா.

திறந்து பார்த்தேன். கவிதா ஏற்கெனவே மூன்று தடுப்பான்களைப் போட்டு வைத்திருந்தாள். நோய் ஒன்றாக இருந்தாலும் மூன்று டாக்டரிடம் மருந்து வாங்கிச் சாப்பிடுகிற ஆட்கள் உண்டே, அந்த மாதிரி. மூன்றும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு லேப்டாப்பை மூச்சு வாங்க வைத்தன. ஒன்று போலி. கேடயப் படம் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, தானே விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று பெயர் பெற்றதுதான், ஆனால் விளம்பரக் கம்பெனிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு சில விளம்பரங்களை மட்டும் உள்ளே விடுகிற ரகம். மூன்றாவதைக் கடைசியாகப் புதுப்பித்தது எப்போது என்று அதற்கே மறந்திருக்கும்.

மூன்றையும் தூக்கிவிட்டு, நான் வழக்கமாகப் பார்க்கிறதைப் பார்த்தேன். யார் செய்தது, அடிக்கடி புதுப்பிக்கிறார்களா, என்னென்ன அனுமதி கேட்கிறது, எதில் பிழைக்கிறது. இலவசமாகத் தருகிறவர் சோற்றுக்கு என்ன செய்கிறார் என்று கேட்டாலே பாதிப் போலி கழிந்துவிடும். நல்லதாக ஒன்றே ஒன்று போட்டேன். போட்டுக்கொண்டே அந்த இரண்டாவது ரகத்தைப் பற்றி அக்காவுக்கு விளக்கினேன். கேண்டீன்காரர் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார்: "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா? என் கடையில இப்படி ஒருத்தி இருந்தா. வடை குறைஞ்சிக்கிட்டே இருந்துச்சு."

அக்காவின் கொள்கை

எதற்கும் இருக்கட்டும் என்று நேர்வழியையும் சொல்லிப் பார்த்தேன். அந்த வீடியோ தளத்துக்கே மாதச் சந்தா கட்டிவிட்டால் விளம்பரமே வராது, ஒரு மாதம் மட்டும் கட்டினால் போதும் அக்கா என்றேன். ஏதோ தகாத வார்த்தையைச் சொல்லிவிட்டது போல என்னைப் பார்த்தார். "ஒன்னு வர்றதுக்குக் காசு கேட்டா கொடுக்கலாம். வராம இருக்கறதுக்கும் காசாலா?"

லங்காவிக்கு யார் போவது?

லேப்டாப்பில் விளம்பரம் நின்றது. ஆனால் அக்கா தினமும் சமைத்துக்கொண்டே கைப்பேசியில் நாதஸ்வரம் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார். கைப்பேசிச் செயலிக்குள் நான் போட்ட தடுப்பான் நுழையாது. உங்களில் எத்தனை பேர் இதை எத்தனை பேருக்கு எத்தனை முறை விளக்கியிருப்பீர்கள்! "செயலியில விளம்பரம் வந்தா, மூலையில ஒரு பொத்தான் வரும் அக்கா. அதை அமுக்குங்க, தாண்டிப் போயிரும்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா கோபமாக வந்தார். எல்லா விளம்பரத்தையும் முழுசாகப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்றாம், பொத்தானே வரவில்லையாம். வாங்கிப் பார்த்தேன். பொத்தான் வந்தது. கைப்பேசி எங்கள் நாட்டு மொழியான மலாயில் இருந்ததால், தாண்டு என்பதற்கு 'லங்காவ்' என்று போட்டிருந்தது. இதுதானே அக்கா அது என்றேன். கண்ணாடி போடாத கண்ணால் உற்றுப் பார்த்துவிட்டு, அசடு வழியச் சிரித்தார்: "ஐயோ, இதுவா? தினமும் வந்துச்சே! கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு, இப்பப் போயி லங்காவித் தீவுக்கு டூரு யாரு போறான்னு தொடவே இல்ல."

கெட்டி மேளம்

கல்யாணத்தன்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மணமேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஒலிபெருக்கி இணைத்தாயிற்று. முந்தின நாள் மாலை மூன்று தரம் சோதித்தாயிற்று. பென் டிரைவில் ஒரு பாட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்று இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இப்போது! உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தத் தடுப்பான் மேல் அவ்வளவு கர்வம்.

காலையிலிருந்து எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு வீடியோ, பெண் வரும்போது ஒன்று, ஹோமத்துக்கு ஒன்று. ஒரு விளம்பரம் எட்டிப் பார்க்கவில்லை. லெட்சுமி அக்கா மேடையிலிருந்து என்னைப் பார்த்து ஒரு முறை சிரிக்கக்கூடச் செய்தார். தாலி எல்லோரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை கைக்கு வந்தது. குருக்கள் கையை உயர்த்தி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்றார். நான் அமுக்கினேன். தவில் இரண்டு அடி அடித்தது. நின்றது. திரை கறுத்து, நடுவில் மரியாதையாக ஓர் அறிவிப்பு வந்தது. நான் விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துவதாகத் தெரிகிறதாம், இன்று புதிதாக வந்த விதிப்படி மூன்று வீடியோ வரை பொறுத்துக்கொண்டார்களாம், அதை நீக்கினால்தான் இனி எதுவும் ஓடுமாம்.

மாப்பிள்ளை கவிதாவின் கழுத்தருகே தாலியைப் பிடித்தபடி திகைத்து நின்றான். லெட்சுமி அக்கா முகத்தில் ரத்தமே இல்லை, பார்வை நேராக ராஜம்மாள் மேல் போனது. நான் அவசரத்தில் வேறு எதையோ அமுக்கித் தொலைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அப்போது ராஜம்மாள் எழுந்தார். மஞ்சள் அரிசி கொடுத்து முடித்துக் காலியாக இருந்த எவர்சில்வர் தாம்பாளத்தை ஒரு பெண்ணின் கையிலிருந்து பறித்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வளையல் போட்ட கையால் அதை ஓங்கி அடிக்க ஆரம்பித்தார். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? கட்டுடா! நீங்கள்லாம் கை தட்டுங்கடி!" என்று தொழிற்சாலைக் குரலில் ஒரு அதட்டல். பெண்கள் குலவையிட்டார்கள், பந்தி பரிமாற நின்றவர்கள் வாளியைத் தட்டினார்கள், மண்டபமே கை தட்டியது. அந்தச் சத்தத்தில் மூன்று முடிச்சும் விழுந்தது. லெட்சுமி அக்கா அழுதார். நானும் அழுதேன், வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி.

எல்லாம் முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ராஜம்மாள் என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நெளிந்துபோன தாம்பாளத்தை என் மேசையில் வைத்துவிட்டு, சிவந்துபோன உள்ளங்கையை ஊதிக்கொண்டே சொன்னார்: "உன் மெஷினு ஊமையாப் போனா போவட்டும் தங்கச்சி. எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு. நாங்க தட்டாம வேற எவன் வந்து மேளம் தட்டணும்?"

இத்தனை வருஷத்தில் நான் போட்டுக் கொடுத்த தடுப்பான்களிலேயே மிச்சம் மீதி வைக்காமல் முழுசாக வேலை செய்தது அது ஒன்றுதான், விளம்பரத்தோடு மேளத்தையும் சேர்த்துத் தடுத்துவிட்டது.