கல்லுப்பள்ளமும் தலைப்பிரசவமும்

கலகெதரையில் ஸுலைஹாவைப் பற்றிக் கேட்டால், வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். மனசு தங்கம் என்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்களும் உண்டு. குருணாகல் வீதியில் அவளுடைய புருஷன் தாஸிமுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. தராசைப் பிடிப்பது தாஸிம், விலையைச் சொல்வது உள்வீட்டுக் குரல் என்று ஊரில் ஒரு கேலி. தாஸிம் அதைக் கேட்டுச் சிரிப்பாரே தவிர மறுக்கமாட்டார். மறுத்தால் அன்றைக்குச் சோறு தாமதமாகும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர்களுக்கு ஒரே மகள், சித்தி றலியா. நாவலப்பிட்டியில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் அவள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் தாய்வீட்டுப் பெண்கள் பலகாரத் தட்டுகளோடு போய் மகளைக் கூட்டிவர வேண்டும், பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகுதான் திருப்பியனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்குள் வழக்கம். கூட்டிவராத தாய் என்று ஒருத்தி இருந்தால், ஒன்று அவள் மவுத்தாகி மண்ணுக்குள் போயிருப்பாள், அல்லது மகளோடு தீராத பகையாக இருக்கும். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று யாரும் நினைத்ததில்லை.

அந்த வருஷம்தான் மழை பொய்த்தது. ஊர் ஆறான ஓயா வற்றி, பாறைகளுக்கிடையில் குட்டை குட்டையாய்த் தேங்கியது. கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. ஊருக்கு மிஞ்சியது முஹ்ஸினின் கல்லுப்பள்ளம் ஒன்றுதான். முஹ்ஸின் ஸுலைஹாவின் கூடப்பிறந்த நாநா, அவளுக்கு மூத்தவர். வீதி போடக் கல் உடைத்துக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர். வீடுகளுக்குப் பின்னால் அவர் கல்லெடுத்துவிட்ட பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் தெளிவாக நின்றது. பெண்கள் அதில் துணி துவைத்தார்கள், மாடுகள் குடித்தன. எல்லாரும் முஹ்ஸினுக்காக துஆ கேட்டார்கள்.

பிறகு குளிர் காய்ச்சல் வந்தது, நுளம்பு என்கிற கொசு பரப்பும் மலேரியா. முதலில் விழுந்தவர்களில் தாஸிமும் ஒருவர். நல்ல வெயிலில் மூன்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டக் கிடந்தார். கொயினா மருந்து வாங்க ஸுலைஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே மருந்து கொடுக்கிறவர் பரமநாதன், யாழ்ப்பாணத்தவர். வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

"இத எத்தின நாளைக்கிக் குடிக்கிற?" என்று கேட்டாள்.

"தருகிற வரைக்கும் குடிக்கத்தான் வேணும்" என்றார் பரமநாதன். "ஆனால் நுளம்பு திரும்பக் கடிச்சால் திரும்ப வரும். தண்ணி தேங்கின இடம் ஏதும் கிட்ட இருக்கோ?"

கல்லுப்பள்ளத்தைச் சொன்னாள். ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனாள். அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டி, நூல்துண்டு போலச் சின்னச் சின்னப் புழுக்கள் படுத்திருந்தன. போத்தலைத் தட்டியதும் அத்தனையும் துள்ளிக் கீழே இறங்கின.

"உந்தப் புழுதான் பிறகு நுளம்பாப் பறக்கிறது. பிள்ளைத்தாச்சிமாருக்கு இந்தக் காய்ச்சல் கண்டால் சரியான கஷ்டம், சொல்லிப்போட்டன்."

இதை அவர் பொதுவாகத்தான் சொன்னார். ஸுலைஹா விரல்விட்டு மாதத்தை எண்ணினாள். றலியாவுக்கு ஏழாம் மாதம் பிறக்க அதிக நாள் இல்லை.

அன்று தொடங்கி அவள் அந்தப் போத்தலோடு வீடு வீடாக ஏறினாள். பள்ளத்தை வடித்து மூட வேண்டும், தண்ணீருக்குப் பள்ளிவாசல் கிணற்றை ஆழமாக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஊரில் சிலர் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். பயந்தவர்களும் பள்ளத்தில் துவைப்பதை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுச் சகீனா போத்தலை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"புழு இல்லாத தண்ணி எங்க ஈக்கிது? ஈக்கிற ஒரு பள்ளத்தயும் மூடினா, துணியத் துப்பியா தொவைக்கிற?" என்றாள். மடவளையில் வாழ்க்கைப்பட்ட சகீனாவின் மகளுக்கும் மாதம் நெருங்கியிருந்தது. அவளைக் கூட்டிவர எல்லாம் தயாராக இருந்தது.

கடைசியாக நாநாவிடம் போனாள். முஹ்ஸின் சாய்வுக் கதிரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஸுலைஹா, காய்ச்சல் அல்லாஹ் தாற சோதன. எண்ட பள்ளம் தந்ததில்ல."

"சோதனய அல்லாஹ் தரட்டும் நாநா. நாங்க ஏன் அதுக்கு முட்ட போட எடம் குடுக்கிற?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தாரே ஒழிய அசையவில்லை. றலியாவைக் கூட்டிவர பஸ் பிடிக்கிற செலவு தன்னுடையது, தாய்மாமன் நான் இருக்கிறேன், நீ பலகாரத்தைக் கவனி என்று சொல்லியனுப்பினார். பஸ் வராது என்று அவள் கவலைப்படுவதாக நினைத்தாரோ என்னவோ.

பயணத்துக்குக் குறித்த காலையில் பெண்கள் ஸுலைஹா வீட்டில் கூடிவிட்டார்கள். தட்டுகளில் தொதலும் கொண்டைப் பலகாரமும் அடுக்கியாயிற்று. வாசலில் பஸ் நின்றது. முஹ்ஸின் புதுச் சாரம் உடுத்து வந்திருந்தார். ஸுலைஹா அறையிலிருந்து வெளியே வந்து, "பலகாரத்த எடுத்துச் சாப்பிடுங்க. மகளக் கூட்டிவர நான் போறல்ல" என்றாள்.

தட்டைத் தூக்கப்போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாவலப்பிட்டீல மழ பெய்யிது, குளிரு. நுளம்பும் கொறவு. புள்ள அங்கயே பெறட்டும். இந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில கொண்டுவந்து அவளப் படுக்கப்போட எனக்கு ஏலா" என்றாள்.

அதன் பிறகு நடந்த சத்தத்தை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெற்ற தாயா நீ என்றார்கள். முஹ்ஸின் பஸ்ஸைத் திருப்பியனுப்பிவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனார். காய்ச்சலோடு உள்ளே கிடந்த தாஸிம் மட்டும், "நீ செஞ்சது சரி. ஆனா மகள்கிட்ட நீயே போய்ச் செல்லோணும். ஆள் மூலமா அனுப்பாதே" என்றார்.

போனாள். கண்டிக்கு பஸ்ஸிலும் அங்கிருந்து ரயிலிலும் போகிற வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். றலியா உடுப்பெல்லாம் அடுக்கிய றங்குப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். உம்மாவோடு மற்றப் பெண்கள் யாரையும் காணாததும் அவள் முகம் மாறியது. போத்தல், புழு, பரமநாதன் சொன்னது, எல்லாவற்றையும் ஸுலைஹா சொன்னாள். அவ்வளவு பேச்சுக்காரி, அன்றைக்கு வார்த்தைக்கு வார்த்தை தடுக்கினாள்.

"கடையில யாவாரம் இல்லண்டு செல்லுங்களே உம்மா" என்றாள் றலியா. "நான் வந்து இருக்கிறது பாரமண்டு நேரா செல்லுங்க. நுளம்புல ஏன் பழியப் போடுறீங்க?"

மாமியார் கதவோரம் நின்று, "நாங்க பாத்துக்கொள்ளுவோம். கவலப்படாம போங்க" என்றாள். அந்த மரியாதை திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஸுலைஹா ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள்.

கதைக்குக் காலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. கலகெதரையில் ஒருத்தி ஊர்த் தண்ணீருக்குப் பயந்து மகளைப் பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டிவரவில்லையாம் என்ற பேச்சு கட்டுகஸ்தோட்டைக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்போது முஹ்ஸின் தன் மகளுக்கு அக்குறணையில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பினாள்: நாளைக்கு எங்கள் மருமகளைப் பேற்றுக்கு அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலா அனுப்ப வேண்டும்?

போத்தலால் முடியாததை அந்தக் கேள்வி முடித்தது. அடுத்த நாளே முஹ்ஸினின் ஆட்கள் அலவாங்குக் கடப்பாரைகளோடு வந்து பள்ளத்தின் வாயைப் பிளந்தார்கள். தண்ணீர் சரிவில் ஓடி வயலில் சுவறியது. கல்லுக்கழிவை வண்டி வண்டியாய்க் கொட்டி மூடினார்கள். அதே ஆட்கள் பள்ளிவாசல் கிணற்றிலும் இறங்கி ஊற்றுக் கண்ணைத் தொட்டார்கள். எல்லாம் முடித்துத் தங்கையின் வாசலில் வந்து நின்றார் முஹ்ஸின்.

"மூடியாச்சு. இப்ப போய் மகளக் கூட்டி வா."

அவள் மனசு ரயிலேறிவிட்டது. இருந்தாலும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, "ஓயாவுல குட்டைங்க ஈக்கிதே நாநா" என்றாள்.

"ஓயா எனக்கு எழுதிவெச்ச சொத்தா?" என்று கத்தினார் முஹ்ஸின். கத்திவிட்டுப் போய், மறுநாள் தண்ணீர் தேங்காமல் ஓடும்படி குட்டைகளை ஒன்றோடொன்று வெட்டிவிட ஆட்களை அனுப்பினார். இந்தக் குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான், வாயும் கையும் வேறு வேறு திசை.

பள்ளத்தை மூடியதால் காய்ச்சல் நின்றதா என்றால், நிற்கவில்லை. அது ஊர் ஊராய் எரிந்தது. கலகெதரையிலும் யாரையாவது அடக்க மையவாடிக்குப் போகாத நாள் குறைவு. நம் வரிசை வீடுகளில் கொஞ்சம் தணிவு என்று சிலர் சொன்னார்கள். பரமநாதனிடம் கேட்டதற்கு, "அப்பிடி அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனால் மூடினது நல்லதுதான்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதைக் கேட்ட ஸுலைஹா மகளைக் கூட்டிவரப் போகவில்லை.

சகீனாவின் மகள் பள்ளம் மூடுவதற்கு முன்பே வந்திருந்தாள். எட்டாம் மாதம் காய்ச்சல் கண்டு, வயிற்றுப் பிள்ளையும் தாயுமாகப் போய்விட்டார்கள். மய்யித்துப் பார்க்க வந்த பெண்களோடு ஸுலைஹாவும் இருந்தாள். நான் சொன்னேனே என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. இரவுக்குச் சோறாக்கிச் சகீனா வீட்டுக்குக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

றலியாவுக்கு நாவலப்பிட்டியில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். அந்தச் செய்தி வந்தபோது ஸுலைஹாவே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். குணமானதும் ஓடினாள். றலியா பிள்ளையைக் கையில் கொடுத்தாள், தேத்தண்ணி கொடுத்தாள், வாப்பாவை விசாரித்தாள். உம்மா என்று மட்டும் கூப்பிடவில்லை. இரண்டாம் பிள்ளை உண்டானபோது ஊரில் காய்ச்சல் ஓய்ந்திருந்தது. தட்டுகளோடு பெண்கள் போனார்கள். "தலப்புள்ளைக்கு இல்லாத தாய்வீடு இப்ப எதுக்கு?" என்று றலியா அவர்களைத் திருப்பியனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகும் எங்கே யார் குழி தோண்டினாலும் ஸுலைஹா போய் நிற்பாள். செங்கல் சூளைக்காரனோடு சண்டை, வீதி வேலைக்காரர்களோடு சண்டை. கலகெதரைக்குப் பேற்றுக்கு வருகிற மகள்மார் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எந்த வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டாலும் அவளுக்குக் கண் கலங்கும்.

ஒருநாள் சகீனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"றலியாக்கு இன்னம் கோவமா?" என்று கேட்டாள் சகீனா.

"கோவந்தான்" என்றாள் ஸுலைஹா. "இந்த நோம்புப் பெருநாளைக்கும் வரல்ல."

சகீனா பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள்.

"கோவப்படட்டும் புள்ள" என்றாள். "ஒனக்குக் கோவப்படுறதுக்கு ஒரு மக ஈக்கிறாளே."